‘எல்லாரும்’ என்று ஓர் ஆள் இல்லை

அவரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். வகுப்பில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். நானும் அப்படித்தான். ஆனாலும் மிஸ். ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் ஜன்னல் இல்லாத கணினி அறையில், சனிக்கிழமைக் காலைகளில், மேடை நிர்வாகம் படிப்பவர்களுக்குத் தயாரிப்புத் திட்டமிடும் மென்பொருளைக் கற்பித்தார். திருச்சிக்காரர். கணினி வேலைக்காகக் கனடா வந்தவர், பிறகு அதை விட்டுவிட்டு நகரத்து நாடக அரங்குகளில் மேடை நிர்வாகியாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவரே சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு தமிழ் வார இதழில் இருந்தேன். செய்தி எழுதுவது, விளம்பரம் வாங்குவது, மரண அறிவித்தல்களில் பிழை பார்ப்பது, வருடத்தில் ஒரு நாள் இதழின் ஆண்டு விழாவை நடத்துவது எல்லாம் என் தலையில். விழா ஒவ்வொரு வருடமும் பிந்தித் தொடங்கிப் பிந்தி முடிந்ததால், ஆசிரியர் என்னை இந்த வகுப்புக்கு அனுப்பினார்.

மென்பொருள் கடினமானதல்ல. நிகழ்ச்சியில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு வரிசை. அவர் எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் தேவை என்று கட்டம் போடவேண்டும். வருவார் என்று நாம் நினைத்தால் கட்டம் சாம்பல் நிறம். வருவதாக அவர் சொல்லிவிட்டால் பச்சை. வரமுடியாவிட்டால் சிவப்பு. ஒரு சிவப்பு விழுந்தால் அந்த ஆளை நம்பியிருக்கும் ஒத்திகைகள் எல்லாம் தாமாகக் கலைந்து வேறு நாள் தேடும். இதை ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அவர் மாதக்கணக்கில் கற்பித்தது சாம்பலைப் பச்சையாக்கும் முன் செய்யவேண்டிய காரியத்தை. உரிய ஆளிடம் கேட்பதை.

முதல் வகுப்பிலேயே அது தெரிந்துவிட்டது. பாலா அண்ணை ஒரு பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். பயிற்சிக்குத் தமது சங்கத்தின் கலைவிழாவை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் இரண்டு பெயர் அடிப்பதற்குள் அவருடைய திரை முழுவதும் பச்சையாகிவிட்டது. மிஸ் பின்னால் வந்து நின்றார்.

“சார், இவங்ககிட்டல்லாம் எப்போ கேட்டீங்க?”

“கேக்கத் தேவையில்லை. எல்லாரும் வருவினம்.”

“‘எல்லாரும்’னு ஒரு ஆள் உங்க வரிசையில இல்லையே.”

“பிள்ளை, இது எங்கட ஆக்கள். தேப்பனிட்டச் சொன்னால் பிள்ளையள் வருங்கள். புருசனிட்டச் சொன்னால் மனிசி வருவா. நான் எத்தினை வருசமா நடத்துறன்.”

மிஸ் வாதாடவில்லை. சுட்டியை வாங்கி எல்லாப் பச்சையையும் ஒரே அழுத்தில் சாம்பலாக்கினார். பாலா அண்ணையின் கைத்தொலைபேசியை அவர் முன்னால் தள்ளி வைத்தார். “ஒரே ஒருத்தர்கிட்ட கேளுங்க, போதும்.”

பாலா அண்ணை சிரித்துக்கொண்டே, விழாவில் வீணை வாசிக்கும் பெண்ணின் வீட்டுக்கு எடுத்தார். தகப்பன் பேசினார். ஓம் ஓம், பிள்ளை வருவாள், அதுக்கென்ன என்றார். மிஸ் விரலால் சைகை செய்தார்: அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பெண் வந்தாள். ஒலிபெருக்கி போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“அங்கிள், நான் வீணையை விட்டு ரெண்டு வருசம். அப்பா உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. “சிவப்பு போட்டுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அவரிடம் இருந்தது இந்த ஒரு குணம்தான் என்று சொல்லலாம். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லும் ‘ஓம்’ என்ற சம்மதம் அவரிடம் செல்லாது. மற்றவை எல்லாம் அதிலிருந்து வந்தவை. இடைவேளையில் எவர்சில்வர் டப்பாவில் தயிர்ச்சோறு சாப்பிடுவார். பக்கத்தில் இருப்பவர் தம் சாப்பாட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து, “இவருக்குக் குடுங்கோ, சாப்பிடுவார்” என்று மூன்றாவது ஆளுக்கு நீட்டினால், “அவர் சாப்பிடறேன்னு சொன்னாரா?” என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று தொடக்கத்தில் நினைத்தோம். அவர் அந்த மூன்றாவது ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளுக்கே வியர்க்கும்.

தயாரிப்பு அட்டவணையை வெளியிடும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும். எவரையும் அதை அவசரப்பட்டு அமுக்க விடமாட்டார். “இதை அமுக்கினா பல வீட்ல சாப்பாட்டு நேரம் மாறும். ஒருத்தர் லீவு போடுவாங்க. ஒருத்தர் குழந்தையை யார்கிட்டயாவது விடுவாங்க. கேட்டுட்டு அமுக்குங்க” என்பார். அவர் பேசியதில் மிக நீளமான பேச்சு அதுதான்.

அது 2009. பனி கரையத் தொடங்கியபோது வகுப்பில் கைத்தொலைபேசிகளை அணைத்து வைக்கவேண்டும் என்ற விதியை எவரும் பின்பற்றவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்த உறவினரின் குரல் எந்த நேரத்திலும் எந்த நாட்டு இலக்கத்திலும் வரலாம். மேசைகள் அதிரும். ஒருவர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போவார். அவர் திரும்பி வரும்வரை மற்றவர்கள் திரையைப் பார்ப்பதுபோல இருப்போம்.

ஒரு சனிக்கிழமை, போரை நிறுத்தக் கோரி நகர மத்தியில் மக்கள் வீதியில் இறங்கியிருந்த நாள். பின்வரிசை இளைஞன் ஒருவன் எழுந்தான்.

“மிஸ், நாங்கள் எல்லாரும் ரோட்டுக்குப் போறம். கிளாஸைக் கான்சல் பண்ணுங்கோ.”

அவர் வருகைப் பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, “நீங்க போறீங்களா?” என்று கேட்டார். போகிறேன், போகிறேன் என்று வந்துகொண்டிருந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வகுப்புக்கு வரும் ஒருவரிடம் வந்து நின்றது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நான் போகேல்லை. எனக்கு ஏலாது” என்றார்.

 வகுப்பில் இருப்பவர் என்று மிஸ் அவருக்கு நேரே பச்சை போட்டார். பின்னால் இருந்து ஒருத்தி மெல்லிய குரலில், “உங்களுக்கென்ன மிஸ், நீங்கள் இந்தியா. நியூஸ் பாக்கிறதோட முடிஞ்சிடும்” என்றாள்.

“ஆமா” என்றார் அவர். 

மற்றவர்கள் புறப்பட்டுப் போனார்கள். போகாதவர் அதற்குப் பிறகு தனியாகத்தான் உட்கார்ந்தார். அவருடைய வாகனத்தில் வந்துபோன இருவர் பேருந்தில் வரத் தொடங்கினார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் கூட்டத்தோடு வெளியே வந்து, பாதிவழியில் நழுவி வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இதை நான் மிஸ்ஸிடம் சொன்னேன். “தெரியும்” என்றார். அடுத்த வாரமும் அப்படியே பெயர் பெயராகக் கேட்டார்.

பாடநெறியின் முடிவில் வகுப்பு ஒரு நிகழ்ச்சியை நடத்தவேண்டும். ஒரு நாட்டிய நாடகம். கோயிலோடு சேர்ந்த ஒரு மண்டபம் கிடைத்தது. மேடை நிர்வாகியாக சுகிர்தா என்ற மாணவியை மிஸ் தெரிந்தெடுத்தார். ஸ்காபரோவிலேயே மல்வேர்ன் பகுதியில் இருந்து வருபவள். சிறுமியாக வந்து இங்கே வளர்ந்தவள். குறைவாகப் பேசுவாள், நிறையக் கேட்பாள். அவளுடைய சித்தப்பாவின் இரண்டு மகள்மார் அதில் முக்கிய ஆட்டக்காரிகள். சுகிர்தாவின் அண்ணன் ரமணன் வன்னியிலேயே தங்கிவிட்டவன். மாசி மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து அழைப்பு இல்லை. இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவளிடம் கேட்பதில்லை.

மே மாதம் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை சுகிர்தாவின் சித்தப்பா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ரமணனின் படமும் மரண அறிவித்தலும் கொண்டுவந்தார். முகாமில் இருந்த ஒருவர் மொன்றியலில் இருக்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்னாராம். அவருக்கு வேறொருவர் சொன்னதாம். அந்த வாரங்களில் அறிவித்தல்கள் இப்படித்தான் வந்தன. நான் எழுத்துப் பிழைகளைத் திருத்திப் பையில் வைத்தேன். புதன்கிழமை அச்சுக்குப் போகும்.

மறுநாள் மண்டபத்தில் ஒத்திகை. சித்தப்பா மகள்மார் இருவரையும் ஏற்றிவந்த வாகனத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். மிஸ் மடிக்கணினியோடு படியில் உட்கார்ந்திருந்தார். சுகிர்தா பக்கத்தில்.

“பிள்ளையள் ரெண்டையும் எடுத்துவிடுங்கோ” என்றார் சித்தப்பா. “சுகிர்தாவையும். எங்களுக்குத் துடக்கு.”

மிஸ் என்னைப் பார்த்தார். தீட்டு என்றேன். சாவு விழுந்தால் தகப்பன் வழி உறவினர் முப்பத்தொரு நாள் கோயில் பக்கம் வரக்கூடாது.

“யாரு தவறிட்டாங்க?”

சித்தப்பா சுகிர்தாவைக் கண்ணால் காட்டினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் இரவே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“யார் பார்த்தாங்க?” என்று கேட்டார் மிஸ்.

“என்ன கேள்வி உது? அங்க ஆர் ஆரைப் பாக்கிறது? மொன்றியலுக்குச் சொல்லியிருக்கினம்.”

“உங்க பொண்ணுங்க வரமாட்டோம்னு சொல்றாங்களா?”

“நான் சொல்லுறன்.”

மிஸ் எழுந்து வாகனத்துக்குப் போய்ப் பின்கதவுக் கண்ணாடியைத் தட்டினார். இரண்டு பெண்களிடமும் தனித்தனியே கேட்டார். இருவரும் வரமாட்டோம் என்றார்கள். இளையவள் அழுதுகொண்டே சொன்னாள். திரும்பி வந்து இரண்டு வரிசைகளையும் சிவப்பாக்கினார். திரையில் ஒத்திகைகள் கலைந்தன. பிறகு சுகிர்தாவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க?”

“அவளை விடுங்கோ” என்றார் சித்தப்பா. “அவளின்ர சொந்தத் தமையன்.”

“அதனாலதான் கேக்கறேன்.”

சுகிர்தா நிமிர்ந்தாள். “எனக்குத் தெரியேல்லை, மிஸ். அம்மா என்ன சொல்லுவா எண்டு தெரியேல்லை.”

“அம்மாகிட்ட கேட்டீங்களா?”

 சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “அண்ணிக்கு இன்னும் சொல்லேல்லை. அண்ணைக்கும் சொல்லேல்லை, அவருக்கு இருதய வருத்தம். பேப்பர் வரேக்குள்ள ஆறுதலாச் சொல்லுவம். எங்கட வழக்கம் அப்பிடி.”

பையில் இருந்த அறிவித்தலில் ரமணனின் பெற்றோர் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. இன்னாரின் அன்பு மகன் என்று. அந்தத் தாய் தன் பெயரைப் புதன்கிழமை அச்சில் பார்க்கப்போகிறார். மிஸ் என் பையைப் பார்க்கவில்லை. நான் இதழில் இருப்பது அவருக்குத் தெரியும். அறிவித்தல் என்னிடம் இருப்பது தெரியாது. நான் அதை எடுத்துப் படியில் வைத்தேன். அவர் படித்தார்.

“அவங்க பேரு போட்டிருக்கே. அவங்கதான் சொல்லணும்” என்றார்.

“தாய்க்கு ஏதும் நடந்தால் நீரே பொறுப்பு?” என்றார் சித்தப்பா.

  சுகிர்தா எழுந்து என்னிடம், “அங்கிள், என்னை வீட்டை கொண்டுபோய் விடுவீங்களோ?” என்றாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். “நீங்களும் வாங்கோ.”

“எனக்கு அங்க வேலை இல்லம்மா.”

“நீங்கள்தானே கேக்கச் சொன்னனீங்கள். வாங்கோ.”

வந்தார். வழி முழுவதும் மடிக்கணினியை மடியில் அணைத்துக்கொண்டு பின் இருக்கையில் இருந்தார். மார்க்கம் வீதியின் சிவப்பு விளக்குகள் எல்லாவற்றிலும் நின்று போனோம். சித்தப்பாவின் வாகனம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

மல்வேர்னில் அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளில் ஒன்று. தாய் சமையலறை மேசையில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி ஒலியில்லாமல் ஓடியது. தகப்பன் மேலே படுத்திருந்தார். தாய் மகளையும், அவளுக்குப் பின்னால் என்னையும், மிஸ்ஸையும், கடைசியாகச் சித்தப்பாவையும் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

“ரமணன்ர கதையோ?”

 சுகிர்தா தலையை ஆட்டினாள்.

“எனக்குத் தெரியும்” என்றார் தாய்.

சித்தப்பா பதறினார். “ஆர் அண்ணி சொன்னது? நான் ஒருத்தருக்கும்...”

“ஒருத்தரும் சொல்லேல்லை. எப்ப எடுத்தாலும் மருந்து அனுப்பு, சப்பாத்து அனுப்பு எண்டு கேக்கிற பிள்ளை. கடைசியாக் கதைக்கேக்குள்ள ஒண்டும் வேண்டாம், அம்மா எண்டவன். அண்டைக்கே விளங்கியிட்டுது. இவருக்கு நெஞ்சு வருத்தம். இவள் படிக்கிறாள். நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் எனக்கு மறைக்கிறியள் எண்டும் ரெண்டு நாளாத் தெரியும். போனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசல் முத்தத்துக்கு ஓடினால் எனக்கு விளங்காதோ.”

சுகிர்தா போய்த் தாயின் தோளில் முகத்தை வைத்தாள். தாய் அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தார். “நீர் ஆர், பிள்ளை?”

“எங்கட மிஸ்” என்றாள் சுகிர்தா, முகத்தை எடுக்காமல். “அம்மாட்டக் கேட்டியோ எண்டு இவதான் கேட்டவ.”

 “ஆரும் முதலே கேட்டிருக்கலாம்” என்றார் தாய்.

நன்றியா, குற்றச்சாட்டா என்று குரலில் இருந்து சொல்ல முடியவில்லை. மிஸ் வாசற்பக்கத்துச் சுவரோடு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சித்தப்பாவுக்கு மூச்சு வந்தது. “அப்ப சரி அண்ணி. அறிவித்தல் எழுதிக் குடுத்திட்டன். புதன்கிழமை வரும்.”

“வாசியுங்கோ தம்பி” என்றார் தாய் என்னிடம்.

வாசித்தேன். பெற்றோர் பெயர், ஊர், உடன்பிறந்தவள், பெரியப்பா சித்தப்பாமார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். பிறந்த திகதியைச் சொன்னேன். இறந்த திகதியைச் சொன்னேன். கையை உயர்த்தினார்.

“உந்தத் திகதி ஆர் சொன்னது?”

“கிட்டத்தட்ட அண்டைக்குத்தான் அண்ணி” என்றார் சித்தப்பா. “திகதி இல்லாமல் திதி பாக்கேலாது. திதி இல்லாமல் ஐயர் திவசம் என்னெண்டு செய்யிறது?”

“அவன் இல்லை எண்டு எனக்குத் தெரியும். எண்டைக்கு எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதை எடுத்துவிடுங்கோ தம்பி.”

“அண்ணி, உப்பிடி ஒருத்தரும் போடுறேல்லை. சனம் என்ன சொல்லும்?”

“சனத்தின்ர பிள்ளையோ?”

நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். சித்தப்பா வெளியே போய்விட்டார். வாகனத்தின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாய் எழுந்து மேலே போகும் படியின் அடியில் நின்றார். கணவருக்குச் சொல்லவேண்டியது இன்னும் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினார்.

நாங்கள் வாசலுக்கு வந்தோம். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அது திருச்சியிலும் அப்படித்தான். ஆனால் மிஸ் நிலைப்படியில் திரும்பி நின்று சுகிர்தாவிடம் கேட்டார்:

“ஷோவுக்கு வர்றீங்களா, இல்லையா?”

எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் கோபம் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அவசரப்படாமல் யோசித்தாள். அந்த இரண்டு நாட்களில் அவளிடம் கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

“இல்லை, மிஸ். நான் அம்மாவோட நிக்கப்போறன்.”

“சரிம்மா.”

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் மடிக்கணினியைத் திறந்தார்.  இரண்டு தடவை வேறு எவருடைய வரிசையையோ சிவப்பாக்கிப் பிறகு திருத்தினார். அவர் தவறு செய்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

நிகழ்ச்சி நடந்தது. மேடை நிர்வாகியின் நாற்காலியில் அவரே இருந்தார். வேறு இருவர் ஆடினார்கள், சுமாராக. சொன்ன நேரத்துக்குத் திரை விலகியது. அரங்கில் கால்வாசிப் பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் வழக்கப்படி பிந்தி வந்து, தவறவிட்டுவிட்டோம் என்று குறைப்பட்டார்கள். இலையுதிர் காலத்தில் அவர் வேறு மாகாணத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். விடைபெறும் கூட்டம் ஒன்றை ஒழுங்கு செய்ய பாலா அண்ணை முயன்றார். மிஸ் வேண்டாம் என்றார். பாலா அண்ணை அவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்.

அறிவித்தல் புதன்கிழமை வந்தது. பிறப்பு என்று ஒரு திகதி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அச்சகத்தில் இருந்து இரண்டு தடவை தொலைபேசி எடுத்து, வரி விடுபட்டதா என்று கேட்டார்கள். ஆசிரியர் கடிந்துகொண்டார். இப்படிப் போட்டால் இதழின் தரம் என்னாவது என்றார். ரமணனின் தகப்பனுக்கு, செய்தி சொன்ன அன்று இரவு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். வேலைத்தலத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றார். கையில், ரமணனின் அறிவித்தல் தெரிய மடித்த பழைய இதழ்.

“அண்ணை, உந்தப் பொடியனுக்குப் போட்ட மாதிரிப் போடேலுமோ?”

“போடலாம்” என்றேன். அவரை உட்கார வைத்தேன். பெயரைக் கேட்டேன், சொன்னார். ஊரைச் சொன்னார். பிறந்த திகதியைச் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக இரண்டு கைகளையும் மேசையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் பேனாவை மூடிவிட்டு, படம் ஏதும் கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன்.